ஆடிக் காற்றில் கைகொடுத்தவர்களுக்கு

எங்கள் அங்கன்வாடிக்கு உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டால் கொடைக்கானல் மேல்மலையில் கதவைத் திறந்து வைக்க முடியாது. பூம்பாறைக்கு மேலே காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் ஒட்டிய படங்கள் எல்லாம் பறக்க, பிள்ளைகள் அவற்றின் பின்னால் ஓட, இந்த வருடம் நான் தோல்வியை ஒப்புக்கொண்டேன். சரி, காற்றையே ஒரு வாரம் பாடமாக வைத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். என்னிடம் இருந்தது அந்த முடிவு மட்டும்தான். மற்றதெல்லாம் நீங்கள் கொடுத்தது.

முதல் நன்றி பூண்டு வேன் ஓட்டும் அண்ணனுக்கு. திங்கட்கிழமை நான் வண்ணத்தாளில் செய்துவைத்த காற்றாடிகள், மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி இறங்கி அரைமணி நேரத்தில் ஊறிய அப்பளம் மாதிரி தொங்கிவிட்டன. வாசலில் நின்று பார்த்தவர், "ஓலையில செய்யலாமே டீச்சர்" என்றார். பனை எங்கள் உயரத்தில் ஏது? மலைக்குக் கீழே வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை இறக்கப் போனவர், திரும்பி வரும்போது பனங்குருத்தோலை, கருவேல முள், சோளத்தட்டை, பப்பாளி இலைக்காம்பு என்று ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து போட்டார். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். "காலி வண்டிதான வருது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஓலை வந்தது, மடிக்கத் தெரிந்தவர் வேண்டுமே. பெரியகுளம் பக்கம் பிறந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்த பாட்டிக்கு அறுபது வருடம் கழித்தும் கை மறக்கவில்லை. இரண்டு கீற்றுகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்தால் நான்கு இறக்கை. நான்கும் ஒரே பக்கமாகத் திருகியிருக்க வேண்டும், ஒன்று மாறினால் காற்றாடி முரண்டு பிடிக்கும். நடுவில் முள்ளைக் குத்தினால் அதன் தடித்த அடி ஓலையை நழுவவிடாது. கூர்முனை சோளத்தட்டையின் நெட்டிக்குள் போய் மறைந்துவிடும். குண்டூசியும் சிறு பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்தால் எனக்கு உள்ளுக்குள் உதறும். எனக்கு இந்த ஏற்பாட்டைப் போல் நிம்மதி தந்தது வேறில்லை. மடித்தது ஐந்து வயதுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம், உண்மையில் பாதிக்கு மேல் பாட்டிதான். மூன்று வயதுக்காரர்களுக்கு ஓடுவது மட்டும்தான் வேலை. எதிர்க்காற்றில் ஓடினால் சுற்றும், கூடவே ஓடினால் நின்றுபோகும் என்பதை யாரும் சொல்லாமலே இரண்டு சுற்றில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சோப்புக் குமிழி ஊதுவதற்கு பிளாஸ்டிக் ஸ்ட்ரா கிடையாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டிலேயே தடை. பப்பாளிக் காம்பு உள்ளே குழலாக இருக்கும், அதைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் போதும் என்று இருந்தேன். செவிலியர் அக்கா வந்திருக்காவிட்டால் அன்று பாதிப்பேர் நுரையைக் குடித்திருப்பார்கள். சின்னதுகளுக்கு ஊதுவதற்கும் உறிஞ்சுவதற்கும் வித்தியாசம் தெரியாது என்று சொல்லி, காம்பின் வாய்ப்பக்கத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டுத் தந்தார். உறிஞ்சினால் வெறும் காற்றுதான் வரும். அதற்கு முன்னால் பழக்குவதற்காகத் தட்டில் பூண்டுத் தோலைப் பரப்பி ஊதச் சொன்னோம். பூண்டுத் தோல் எந்த வீட்டில் இல்லை? தும்மல்தான் கொஞ்சம் அதிகம்.

தையல்கடை அக்கா வெட்டுத்துணிகளை இணைத்து, காற்றின் திசையைக் காட்டும் காற்றுப் பை ஒன்று தைத்துக் கொடுத்தார். முதலில் வால்முனையை மூடித் தைத்துவிட்டார். ஒரே நாளில் தையல் பிரிந்து கந்தலாகிவிட்டது. வாய் அகலமாகவும் வால் குறுகலாகவும் இரண்டும் திறந்தும் இருந்தால்தான் காற்று உள்ளே புகுந்து வெளியே போகும் என்று பிறகு தெரிந்து, முகம் சுளிக்காமல் இன்னொன்று தைத்தார். அக்கா, உங்கள் கத்தரிக்கோல் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது.

அப்புறம், 1899 முதல் கொடைக்கானலில் இருக்கும் சூரிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா. இவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தப் பெயரால்தான் அதைச் சொல்வோம் என்று தொடங்கினார். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கென்றால் தென்றல், கிழக்கென்றால் கொண்டல், மேற்கென்றால் கோடை. ஆடியில் அடிப்பது மேக்காத்து. பிள்ளைகளுக்கு அது காதில் ஏறவில்லை. அடுத்து அவர் எடுத்ததுதான் பிடித்துக்கொண்டது. பிரிட்டிஷ் கடற்படையிலிருந்த போஃபோர்ட் என்பவர் 1805-இல் காற்றின் வேகத்துக்குச் சுழியிலிருந்து 12 வரை எண் வைத்தார். கடலுக்காக வகுத்த கணக்கைப் பின்னாளில் நிலத்துக்கும் பொருத்தினார்கள். புகை நேராக ஏறினால் சுழி. புகை சாய்ந்தால் ஒன்று. இலை சலசலத்தால் இரண்டு. சிறு கிளையும் ஓயாமல் ஆடினால் மூன்று. புழுதியும் காகிதமும் கிளம்பினால் நான்கு. மறுநாளிலிருந்து தினமும் காலையில் டீக்கடைப் புகையையும் சவுக்கு மரத்தையும் பார்த்து "டீச்சர், இன்னைக்கு மூணு!" என்று கத்திக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். டீக்கடைக்காரருக்கும் நன்றி, அவர் அறியாமலே எங்களுக்குக் கருவியாக இருந்தார்.

எங்களிடம் ஒரு நான்கு வயதுக் குட்டி இருக்கிறாள். காற்று இரைந்தால் என் முந்தானைக்குள் புகுந்துகொள்வாள். செல்லம் என்றே நினைத்திருந்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் மலையேறி வந்தபோது அவர்கள் வீட்டுக் கூரைத் தகரம் பறந்துபோனதாம். அப்போது அவள் பிறக்கவேயில்லை. ஆனால் இன்றைக்கும் தகரம் தடதடத்தால் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம் என்று அவள் அம்மா சொன்ன பிறகுதான், அவள் எதைப் பார்த்துப் பயந்தாள் என்று எனக்குப் புரிந்தது. முதல் மூன்று நாள் அவள் காற்றாடியைத் தொடவில்லை, ஜன்னல் வழியாக எண் மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமை புழுதி கிளம்பியது. மற்றவர்கள் கூச்சலிட்டபோது, "நாலுதான்" என்றாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

ஐயா, இதை உங்களிடம் நேரில் சொல்ல வந்தேன், நீங்கள் ஊரில் இல்லை. அவள் அம்மா சொன்னது இது. போன வாரம் ராத்திரி தகரம் அடித்துக்கொண்டபோது வீடே விழித்துக்கொண்டதாம். இவள் மட்டும் எழுந்து உட்கார்ந்து, "மூணும்மா, தூங்கு" என்றாளாம். இருட்டில் எந்த இலையைப் பார்த்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

வேன் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது இன்னும் கொஞ்சம் ஓலை வேண்டும். பாட்டி தயாராக இருக்கிறார்.