1925 பட்டத்தில் பாட்ஸ்வில்லின் பெயரையும் எழுதுங்கள்

என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி உரிமையாளர்களுக்கு,

வணக்கம். 1925 லீக் பட்டம் பாட்ஸ்வில் ஊரின் மரூன்ஸ் அணிக்கே உரியது என்ற கோரிக்கை உங்களுக்குப் புதிதல்ல. 1963-இல் ஒருமுறை தள்ளுபடி செய்தீர்கள். 2003-இல், மறுபடி விசாரிக்கலாமா என்ற கேள்விக்கே 30-2 என்று வாக்களித்துக் கைவிரித்தீர்கள். நூறு ஆண்டு கடந்தும் 1925 பட்டத்துக்கு நேரே அப்போது சிகாகோ அணியாக இருந்த கார்டினல்ஸ் பெயர்தான் இருக்கிறது.

பென்சில்வேனியாவின் அந்த நிலக்கரிச் சுரங்க ஊர், லீகில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே சிகாகோவுக்குப் போய் கார்டினல்ஸை 21-7 என்று வென்றது. ஆறு நாள் கழித்து, பிலடெல்பியாவில் நோட்ர டேம் பல்கலைக்கழக முன்னாள் வீரர்களோடு ஒரு காட்சி ஆட்டம் ஆடியது. அது பிராங்க்ஃபோர்டு என்ற இன்னொரு லீக் அணிக்கு ஒதுக்கிய எல்லை என்று சொல்லி, லீக் தலைவர் ஜோ கார் மரூன்ஸை இடைநீக்கம் செய்தார். பட்டமும் கைவிட்டுப் போனது. அவர் முன்பே எச்சரித்திருந்தார். லீக் அலுவலகம் தொலைபேசியில் அனுமதி தந்தது என்பது பாட்ஸ்வில் தரப்பு வாதம். சரி, விதியை மீறியதாகவே இருக்கட்டும். அபராதத்தோடு விட்டிருக்கலாமே! களத்தில் வென்றதை எதற்குப் பறிக்க வேண்டும்?

அதே வாரம் வெற்றிக் கணக்கைக் கூட்ட கார்டினல்ஸ் அவசரமாக ஏற்பாடு செய்த ஆட்டத்தில், எதிரணியான மில்வாக்கிக்காகப் பள்ளி மாணவர்கள் நான்கு பேர் இறங்கினார்கள். 59-0. அந்த வெற்றி இன்றும் கார்டினல்ஸின் 11 வெற்றிகளில் ஒன்று. அப்போதைய உரிமையாளர் கிறிஸ் ஓ'பிரையனே அந்தப் பட்டம் வேண்டாம் என்றுவிட்டார். பின்னால் அணியை வாங்கிய பிட்வில் குடும்பம்தான் அதற்கு உரிமை கொண்டாடியது.

நீங்கள் கோப்பை தராததால் பாட்ஸ்வில்காரர்கள் தாங்களே ஒன்று செய்துகொண்டார்கள். தங்கள் மண்ணில் வெட்டியெடுக்கும் ஆந்த்ரசைட் கரியில் செதுக்கிய பந்து அது. ஒஹாயோவின் கேண்டன் ஊரிலுள்ள அமெரிக்கக் கால்பந்துப் புகழ்க்கூடத்தில் இருக்கிறது. கறுப்பாக. உங்கள் ஏட்டில் மட்டும் அதற்கு இடமில்லை. அந்த அணியில் ஆடிய ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை.

1920-இல் இந்த லீகைத் தொடங்கியதில் கேண்டன் போன்ற சிறிய ஊர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் காலத்துச் சிறிய ஊர்களில் இன்று தன் அணியோடு நிற்பது கிரீன் பே மட்டும். மற்ற ஊர்களுக்கு மிஞ்சியது வரலாறு ஒன்றுதான். அதையுமா விட்டுத்தர மாட்டீர்கள்?

கார்டினல்ஸ் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் பாட்ஸ்வில்லின் பெயரையும் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். அடுத்த உரிமையாளர் கூட்டத்தில் இதை வாக்கெடுப்புக்கு எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அமெரிக்கக் கால்பந்து ரசிகன் ஒருவன்