மேடையில் விட்டுப்போன பெயர்கள்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காமார்களே, அண்ணன்மார்களே, மாஸ்டர் ஐயா,

பெங்களூரு ஃபேஷன் ஷோவில் நம்முடைய எட்டு உடைகளும் நல்லபடியாக மேடையேறி இறங்கிவிட்டன. படங்களைப் பார்த்துவிட்டு ஊரே எனக்கு வாழ்த்து அனுப்புகிறது. எனக்கு மட்டும். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அங்கேயும் அப்படித்தான். அறிவிப்பாளர் என் பெயரை அழகாகச் சொன்னார். கண்ணாடி வேலையைப் பார்த்ததும் 'ராஜஸ்தான் எம்பிராய்டரி' என்றுவிட்டார். எழுதிக் கொடுத்த தாளில் 'சிட்லிங், தருமபுரி மாவட்டம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கண்ணாடி என்றாலே வாய் தானாக ராஜஸ்தானுக்குப் போய்விடுகிறது போல. மேடைக்குப் பின்னால் நின்ற உதவியாளர் பெண் ஒருத்தி ஓடிப்போய்ச் சொல்லி, கடைசி உடைக்கு முன் திருத்த வைத்தாள். முதல் நன்றி அவளுக்கு. கைதட்டல் சத்தத்தில் அது எத்தனை பேர் காதில் விழுந்ததோ தெரியாது.

ஆகவே விட்டுப்போனதையெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன். முறைப்படி பட்டுப்புழுவிலிருந்து தொடங்க வேண்டும்.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடி ஏலத்தில், வெள்ளை வெளேரென்று ஒரே அளவாக இருக்கிற கூட்டுக்குத்தான் போட்டி. ஒரு நல்ல கூட்டில் ஏறக்குறைய 1000 மீட்டர் இழை வரும். இரண்டு புழு சேர்ந்து ஒரே கூடாகக் கட்டிவிட்டால் கதை வேறு. இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். மட்டமான விலைக்குப் போகிற சரக்கு. எனக்கு வேண்டியிருந்தது அதுதான், ஏனென்றால் டுபியான் பட்டின் அந்தத் திப்பித் திப்பியான அழகு இரட்டைக் கூட்டில்தான் இருக்கிறது. நூல் இழுக்கும் அண்ணா, நீங்கள் அதை மட்டும் பொறுக்கித் தனிச் சாக்கில் சேர்த்து வைத்தீர்கள். பொறுக்கிய கூலி எவ்வளவு என்றதற்கு, "எப்படியும் பிரிச்சுத்தானேம்மா ஆகணும்" என்று முடித்துவிட்டீர்கள். நூலையும் கடனுக்குத் தந்தீர்கள். அந்த நூல் தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவுக்கு ஆகாது, அச்சில் உரசி அறுந்துகொண்டே இருக்கும் என்று சொல்லி, பாவுக்கு மெல்லிய நூலும் குறுக்கே ஓடுகிற ஊடைக்கு இதுவுமாகப் போட்டு நெய்து கொடுத்த சேலத்து நெசவுக்கார அண்ணனுக்கும் நன்றி. தறியை அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டியிருந்ததை அவர் சொல்லவில்லை, அண்ணி சொன்னார்.

சிட்லிங் அக்காமார்களே, பெரியம்மாக்களே, உங்களுக்கு எங்கிருந்து தொடங்குவது? கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் இருக்கிற உங்கள் பள்ளத்தாக்குக்கு நான் வந்தபோது, லம்பாடிப் பெண்களின் கண்ணாடி வைத்துத் தைத்த பேட்டியா பாவாடையைக் கட்டுகிறவர்களே அங்கு அருகிப்போயிருந்தார்கள். ஆனால் கை மறக்கவில்லை. நான் பேப்பரில் வரைந்து எடுத்துவந்த டிசைனை ஓரமாக வைத்துவிட்டு, துணியின் இழைகளை எண்ணியே ஊசி போட்டீர்கள். மெல்லிசான பட்டில் நேராகக் கண்ணாடி வைத்தால் கனம் தாங்காமல் தொய்யும், பருத்தியில் தைத்துப் பட்டின் மேல் வைத்து இணைத்துக்கொள் என்றதும் நீங்கள்தான். பெரியம்மா ஒருவர் கண்ணாடித் துண்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக நாலு இழை இழுத்து, அந்த இழைகளைக் கோத்துச் சுற்றிவரத் தைத்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பசை கிசை ஒன்றும் கிடையாது. மேடை முனையில் மாடல் சுழன்று திரும்பியபோதும் ஒரு கண்ணாடி உதிரவில்லை. பக்கத்து ரேக்கில் ஒட்டுக் கற்களைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார்கள். யாருடையது என்று சொல்ல மாட்டேன்.

மாஸ்டர் ஐயாவின் கதையை ஊருக்குச் சொல்லியே ஆக வேண்டும். முந்தின நாள் அளவு பார்த்த மாடல் ஒருவர், ஷோ அன்று வந்து நின்றவர் வேறொருவர். கேட்டால், "பின் குத்தி அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்கிறார்கள். தொளதொளவென்று இருந்தால் பின் குத்தலாம். மார்பில் இரண்டு இஞ்ச் பற்றவில்லை. இல்லாத துணியைப் பின் குத்தி வரவழைக்க முடியுமா? நம் ஊர் பிளவுஸ் வழக்கப்படி ஐயா இரண்டு பக்கமும் உள்ளே ஒன்றரை இஞ்ச் விட்டுத் தைத்திருந்தார். லைனிங்கிலும் அப்படியே. "பொம்பளைங்க உடம்பு ஒரே மாதிரியா இருக்கும் பாப்பா, பிரிச்சு விட இடம் வேணும்ல" என்பார். கல்லூரியில் சொல்லிக்கொடுத்த கணக்கு இதில் பாதிகூட இல்லை. வரிசை எண் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிளேடால் பழைய தையலைப் பிரித்து, புதுத் தையலைக் கையாலேயே போட்டார். மிஷின் தையலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஜாக்கெட் மேடையில் இருந்தது முக்கால் நிமிடம்.

கிருஷ்ணகிரி குட்டியானை அண்ணா, மாம்பழ சீசனில் கூழ் ஆலை லோடை ஒரு நாள் விட்டுவிட்டு வந்தீர்களே. மாங்காய்ப் பால் பட்டால் பட்டு போச்சு என்று வண்டியைக் கழுவி, புதுத் தார்ப்பாய் விரித்து, கம்பி கட்டி உடைகளைத் தொங்கவிட்டு அத்திப்பள்ளி தாண்டிக் கொண்டுசேர்த்தீர்கள். வாசனை மட்டும் போகவில்லை. உடை மாற்றிவிட வந்த பெண்கள் "என்ன சென்ட்?" என்று கேட்டார்கள். பம்பைக்காரர் மாமா, மாடல்கள் நடைக்குத் தோதாக உங்கள் அடியைத் தணித்து வாசித்தது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். தங்க இடமும் ஸ்டீமரும் தந்த கல்லூரித் தோழிக்கும், 'எங்க பிளவுஸ் மெதுவா வரட்டும்' என்று வைகாசி முகூர்த்த நேரத்திலும் பொறுத்துக்கொண்ட வாடிக்கையாளர்களுக்கும், கடையைக் கவனித்துக்கொண்ட அத்தைக்கும் நன்றி.

இன்னொன்று. என்னைக் காசு கொடுத்துக் கூப்பிட்டார்கள் என்று சிலர் நினைக்கிறீர்கள். டிசைனரே கட்டணம் கட்டிக் கலந்துகொள்கிற ஷோ இது. அந்தக் கட்டணம் எங்கள் மகளிர் சுயஉதவிக் குழு தந்த கடன். மாதத் தவணை சரியாக வந்துவிடும் அக்கா, கவலை வேண்டாம்.

பெங்களூரில் ஒரு கடை ஜாக்கெட் கேட்டிருக்கிறது. எம்பிராய்டரிக் கூலியைப் பீஸ் கணக்கில் போடாமல், உட்கார்ந்து தைக்கிற நேரத்துக்குக் கணக்குப் போட்டு விலை சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறார்கள். யோசிக்கட்டும். ஆனால் லேபிளில் 'சிட்லிங்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் போட இப்போதே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

வருகிற ஞாயிறு எட்டு உடைகளும் நம் கடையில் மாட்டியிருக்கும். தொட்டுப் பார்க்கலாம், போட்டும் பார்க்கலாம். சிட்லிங்கிலிருந்து வருகிறவர்களுக்குக் கோட்டப்பட்டி வழியாக வேன் சொல்லியிருக்கிறேன். மதியச் சாப்பாடு இங்கேதான், யாரும் கட்டிக்கொண்டு வர வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தையல்கடைப் பொண்ணு,
தருமபுரி