மட்டக்குளி பழைய பால்பண்ணைக் கொட்டகையைக் கூத்துக் களரியாக்கித் தரும்படி கோரும் மனு

உயர்திரு பணிப்பாளர் அவர்கள்,
காணிப் பிரிவு,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆற்றுப் பக்கம் திரும்பும் வளைவில், பூட்டிய கேற்றுக்குள் நிற்கும் ஓட்டுக் கொட்டகையைத் தாங்கள் அறிவீர்கள். போன வருடம் காணி அளக்க வந்தவர்களோடு தாங்களும் வந்திருந்தீர்கள். நாங்கள் இன்னமும் அதைப் பட்டியடி என்றுதான் சொல்கிறோம். அதை இடிக்காமல் களரியாக, அதாவது கூத்தும் பிற கலைகளும் நடக்கும் இடமாக்கித் தரும்படி மூன்று கடிதங்கள் கொடுத்தோம். மூன்றின் பிரதியிலும் கந்தோர் முத்திரை இருக்கிறது, பதில்தான் இல்லை. இப்போது அங்கே வாகனத் தரிப்பிடம் வரப்போவதாகப் பேச்சு அடிபடுவதால் நான்காவது தடவையாக எழுதுகிறோம்.

1. கொட்டகையின் நடுவே பரந்த மண்தரை இருக்கிறது. மாடு கட்டிய இடங்களும் தீனித் தொட்டிகளும் அதைச் சுற்றி ஓரமாக இருக்கின்றன. தூண்களும் ஓரத்திலேயே நிற்பதால் நடுவில் எந்த மறைப்பும் இல்லை. எங்களுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கேற் இடுக்கால் பார்த்துவிட்டு, "களரிக்கென்றே கட்டினது மாதிரி இருக்கே" என்றார். மட்டக்களப்பில் களரி கட்டி ஆடியவர் அவர், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

2. இப்போது நாங்கள் பழகும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு எழுதியதுதான், ஆனாலும் மறுபடி எழுதுகிறோம். எங்கள் குழு ஆடுவது வடமோடிக் கூத்து. அது வட்டக்களரியில் ஆட வேண்டியது. அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டுக்காரரும் நடுவில் நிற்க, கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார்கள். சனம் நாலு பக்கமும் இருந்து பார்க்கும். நாங்கள் பழகுவது எட்டடி அகல ஒழுங்கையில். ஒரு பக்கம் கான், மறுபக்கம் இரவுக்கு நிறுத்திய ஓட்டோக்கள். எட்டடிக்குள் வட்டம் எப்படி வரும் ஐயா? பிள்ளைகள் வரிசையாக முன்னே போய்த் திரும்பி வருகிறார்கள். எட்டு மாதமாக ஆட்டம் பழகும் சின்னப் பிள்ளைகள் ஒரு தடவைகூட முழு வட்டம் சுற்றி ஆடியதில்லை. சுற்றி வந்து பழைய இடத்துக்கே சேரும்போதுதான் தாளம் காலில் பிடிபடும் என்று அண்ணாவியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர் நிற்பது கான் மூடியின் மேல். கீழே கொங்கிரீட், அதில் சலங்கை கட்டி மிதித்து மிதித்துப் பிள்ளைகளுக்குக் கணுக்கால் வீங்குகிறது. போன மாதம் பத்து வயதுப் பிள்ளை ஒன்று திரும்பும்போது ஓட்டோக் கண்ணாடியில் கை கிழிந்து மூன்று தையல். ஓட்டோக்காரரில் பிழை இல்லை, அவர் வேறு எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்? மழை வந்தால் மத்தளத்தைச் சேலையால் சுற்றிக்கொண்டு ஓடுகிறோம். தோல் ஈரம் பட்டால் அன்றைக்கு நாதம் போய்விடும். இரவு எட்டரைக்கு நிறுத்தியும் விடுகிறோம், ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் நோயாளி ஒருவர் படுத்திருக்கிறார். விடிய விடிய ஆடிய கூத்து இது. நூறு யார் தூரத்தில் ஒரு மண்தரை பூட்டிக் கிடக்க, பிள்ளைகள் கான் ஓரத்தில் ஆட வேண்டுமா?

3. மண்டபம் வாடகைக்கு எடுக்கலாமே என்று தங்கள் கந்தோரில் ஒருவர் சொன்னார். சரி, எடுக்கலாம். ஒரு நாள் வாடகைக்கே துறைமுகத்தில் கூலிவேலை செய்யும் தகப்பன்மார் எத்தனை நாள் உழைக்க வேண்டும்? பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் இருந்து பார்க்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அது பெரிய காரியம், அதனால்தான் படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் வட்டக்களரிக்கென்று கொழும்பில் எங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஓர் இடம்கூட இல்லை.

4. நாங்கள் நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. கோட்டையில் ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியை இடிக்காமல் திருத்தி 2011இல் திறந்தார்கள். கறுவா விளைந்த கறுவாத் தோட்டத்தில்தான் லயனல் வென்ட் அரங்கும் நெலும் பொக்குணவும் நிற்கின்றன. பொரளையில் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் மாதிரிப் பண்ணையோ கொல்ஃப் மைதானமாகி, வீதிப் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பட்டியடிக்கும் அந்தக் கதி வர வேண்டுமா? எங்கள் வரிசை வீடுகளையும் தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள். இந்தத் தோட்டத்துக்கு ஒரு களரி கொடுத்தால் என்ன?

5. குளிரூட்டி வேண்டாம், கதிரை வேண்டாம். உடைந்த ஓடுகளை மாற்றி, மின்சாரமும் ஒரு மலசலகூடமும் தந்தால் போதும். மண்தரைக்குச் சீமெந்து போட்டுவிடாதீர்கள். துப்புரவுப் பொறுப்பை நாங்கள் எடுக்கிறோம். பக்கத்துச் சிங்களப் பிள்ளைகளின் நாடகக் குழுவும் கேட்டிருக்கிறது, அவர்களும் ஆடட்டும்.

6. ஐப்பசி மழைக்கு முன் ஓடாவது மாற்றுங்கள். கூரை விழுந்துவிட்டால், ஆபத்தான கட்டடம் என்று சொல்லி இடிப்பது சுலபமாகிவிடும். அதைத்தான் எதிர்பார்க்கிறீர்களோ என்றுகூட ஆட்கள் கேட்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்க விரும்பவில்லை. ஆனால் மூன்று கடிதத்துக்கும் பதில் வராதபோது அவர்களுக்கு என்ன சொல்வது?

ஐயா, தயவுசெய்து இடிக்க வேண்டாம். ஒரு செவ்வாயோ வெள்ளியோ மாலை ஆறரைக்கு எங்கள் ஒழுங்கைக்கு வந்து, பிள்ளைகள் ஆடுவதைப் பாருங்கள். அப்படியே பட்டியடிக்கு நடந்துபோய்க் கேற்றைத் திறந்து, அதே பிள்ளைகளை அந்த மண்தரையில் ஒரு வட்டம் ஆடவிடுங்கள். திறப்பு தங்கள் கந்தோரில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கூத்துக் குழுச் செயலாளரும் தோட்டத்து மக்களும்
(கையொப்பங்கள் தனித் தாளில். முன்னைய மூன்று கடிதங்களின் பிரதிகளும் இணைக்கப்பட்டுள்ளன.)