கேள்வி கேட்கும் உறுப்பினரைக் குற்றஞ் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுசார விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமூலமொன்றை நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கேள்விக்குட்படுத்தினால் அவர் சாராய முதலாளிகளின் ஆள் என்றும், வீட்டுக் கடன் வட்டிக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டமூலத்தைக் கேள்விக்குட்படுத்தினால் வங்கிகளின் ஆள் என்றும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடும் வழக்கம் எம்மிடையே வேரூன்றிவிட்டது. அண்மையில் எமது ஊர் மாதர் சங்கக் கூட்டத்திலும் இதே பேச்சு எழுந்தது. "நல்ல சட்டம் வந்தால் கையை உயர்த்த வேண்டியதுதானே, அதில் என்ன கேள்வி?" என்று ஒரு சகோதரி கேட்டார். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கூட்டுறவுச் சங்கமொன்றின் கடன் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு அந்தக் கேள்வி மனதை உறுத்துகிறது. கேள்வி கேட்கப்படாமல் நிறைவேறிய நல்ல சட்டங்கள் எங்கள் வீட்டு வாசலுக்கு வராமலே நின்றுபோனதை நான் கண்டிருக்கிறேன்.

அயர்லாந்தில் இவ்விரு விடயங்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் சபைக்கு வந்தன. 2015 டிசம்பரில் முன்வைக்கப்பட்ட மதுசாரச் சட்டமூலம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விவாதிக்கப்பட்டு 2018 இல் சட்டமாயிற்று. பாடசாலையிலிருந்து 200 மீற்றருக்குள் மதுசார விளம்பரம் கூடாது என்ற விதி 2019 நவம்பரிலும், குறைந்தபட்ச விலை விதி 2022 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தன. மாறும் வட்டியிலான வீட்டுக் கடன்களில் தலையிட மத்திய வங்கிக்கு அதிகாரம் வழங்கும் சட்டமூலத்தை மைக்கல் மக்ராத் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் 2016 இல் கொண்டுவந்தார். அவ்வாறு வரம்பிட்டால் புதிய வங்கிகள் நாட்டுக்குள் வரத் தயங்கும் என்று மத்திய வங்கியே அதற்கு உடன்படவில்லை. அது சட்டமாகவும் இல்லை. அந்த முடிவு சரியா, பிழையா என்பதை அந்நாட்டு மக்கள் தீர்மானிக்கட்டும். யார் எதைக் கேட்டார், யார் என்ன பதில் சொன்னார் என்பது பதிவில் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப்படுகிறது.

எமது நாட்டுக்கு வருவோம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மதுசார விளம்பரத்தையும், நிகழ்ச்சிகளுக்கு மதுசாரக் கம்பனிகள் அனுசரணை வழங்குவதையும், இலவசமாகப் பகிர்வதையும், 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் தடைசெய்தது. உலகின் பல நாடுகள் தயங்கிக்கொண்டிருந்த காலத்தில் இலங்கை எடுத்த துணிவான அடி அது. அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் தொலைபேசி இருக்கவில்லை. இன்று இந்தியாவிலிருந்து ஒளிபரப்பாகும் கிரிக்கெட் போட்டியைத் தொலைபேசியில் பார்க்கும் எங்கள் பிள்ளைகளின் கண்முன்னே சாராயப் பெயர்களே சோடாவின் பெயராகவும் இசைத்தட்டின் பெயராகவும் வந்து போகின்றன. அயர்லாந்திலும் மதுசாரம் சேராத பானங்களின் பெயரில் அதே அடையாளம் மறுபடியும் தலைகாட்டியது. ஆகவே விளம்பரம் பற்றிய புதிய சட்டமூலம் எது வந்தாலும், "மாற்றுப் பெயரில் வரும் விளம்பரத்தையும் கடல் கடந்து வரும் ஒளிபரப்பையும் இது தொடுகிறதா?" என்று கேட்கும் உறுப்பினர் சட்டத்தின் எதிரி அல்லர்.

இன்னொரு கேள்வியும் உண்டு. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வெளியிடப்பட்ட பட்டியலின்படி, அந்த ஆண்டில் மாத்திரம் நாடு முழுவதும் 361 மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்தன. ஒரு சந்தியில் புதிதாகத் திறக்கப்படும் மதுபானக் கடையைவிடப் பெரிய விளம்பரம் அந்த ஊருக்கு வேறு எது? கும்புறுமூலையில் மதுசார உற்பத்திச்சாலை எழுந்தபோது எமது மாவட்ட மக்கள் வீதிக்கு இறங்கியதை நாம் மறந்துவிடவில்லை. விளம்பரப் பலகையை ஒரு சட்டம் இறக்கச் சொல்ல, 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இன்னொரு மேசையில் அனுமதிப்பத்திரம் கையெழுத்தாகுமானால், அவ்விரண்டையும் இணைத்துக் கேட்பவர் ஒருவர் சபையில் இருக்கத்தானே வேண்டும்? விலையை உயர்த்தினால் குடி குறையும் என்பதை நான் நம்புகிறேன். ஆயினும் விலை உயர்ந்த மறுவாரமே வாவிக்கரைப் பற்றைகளுக்குள் கசிப்பு எனும் கள்ளச்சாராயம் காய்ச்சும் அடுப்பு எரிவதைப் பார்த்தவள் என்ற வகையில், கசிப்பு ஒழிப்புக்கு எத்தனை உத்தியோகத்தர், எவ்வளவு நிதி என்று கேட்காமல் விலை பற்றி மாத்திரம் பேசும் உரையை என்னால் முழுமனதுடன் பாராட்ட முடியவில்லை.

இனி வீட்டுக் கடன் விடயம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசிரியர் இடமளிக்க வேண்டும், ஏனெனில் எங்கள் பகுதியில் குடியும் கடனும் ஒரே வீட்டுக்குள்ளேதான் சந்திக்கின்றன. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்படுவதே வழக்கம். வீட்டு உறுதிப்பத்திரம் பெண்ணின் பெயரில் இருக்கும்; கடன் ஆணின் தேவைக்காக எடுக்கப்படும்; கையெழுத்து மட்டும் அவளுடையது. வான் வாங்கவென்று எடுத்த கடனுக்குத் தாய் கொடுத்த வீட்டு உறுதியை ஈடுவைத்துவிட்டு, வானும் போய், உழைப்பின் பாதி சாராயக்கடைக்கும் போய், மூன்று பிள்ளைகளுடன் என் மேசை முன்னால் வந்து நின்ற ஒரு பெண்ணின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அவளுடைய கடன் எங்கள் சங்கத்தில் எடுத்ததல்ல. வட்டியைக் கணக்கிட்டுக் காட்டுவதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

2020 டிசம்பரில் இலங்கை மத்திய வங்கி, சம்பளம் பெறும் ஊழியரின் ஈட்டு வீட்டுக் கடனுக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 7 வீதம் என்ற உச்சவரம்பை விதித்தது. அதன் பின்னர் வட்டியானது சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதத்துடன், அதாவது வங்கிகள் தமது முதல்தர வாடிக்கையாளரிடம் அறவிடும் சராசரி வட்டியுடன், மேலும் ஒரு வீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் கூறப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 20 இலட்சம் ரூபாவை 20 ஆண்டுகளுக்கு 7 வீதத்தில் எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 15,500 ரூபா. ஐந்து ஆண்டுகளின் பின் மீதியாக இருக்கும் முதல் தொகை சுமார் 17 இலட்சத்து 25 ஆயிரம். முதன்மை வீதம் 8 ஆக இருந்தால் தவணை 17,500 ஆகும், தாங்கிக்கொள்ளலாம். 2022 இன் இறுதியில் அவ்வீதம் 27 ஐத் தாண்டியது. அப்படியொரு காலத்தில் ஐந்தாவது ஆண்டு முடிந்திருந்தால் தவணை ஏறத்தாழ 40,900 ரூபா! "மாறும் வீதத்துக்கு மேலே ஒரு கூரை உண்டா?" என்று அன்றே யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

அதைவிட முக்கியமானது, அந்த வரம்பு சம்பளம் பெறுவோருக்கானது என்பது. வாவியில் வலை வீசுபவரும், வயல் வட்டையில் பெரும்போகம் செய்பவரும், சந்தையில் மரக்கறி விற்கும் பெண்ணும் அதற்குள் அடங்கவில்லை. படுவான்கரையில் பலரது காணி, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. அதை நினைத்தபடி ஈடுவைக்க முடியாது. ஆகவே குறைந்த வட்டி வீட்டுக் கடன் அவர்களுக்கு எட்டாக்கனி. அவர்கள் போவது நகை அடகுக்கும், லீசிங்குக்கும், வாரத் தவணை நுண்கடனுக்கும். அடகுக்கு 18 வீதம் என்று 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி வரம்பிட்டது அவர்களுக்கு ஓரளவு கைகொடுத்தது என்பதை மறுக்க மாட்டேன். நுண்கடனில் நிலைமை வேறு. ஒரு வருடக் கடனுக்கு "24 வீத வட்டிதான்" என்று சொல்லி, முதல் குறைந்துகொண்டு போனாலும் எடுத்த முழுத் தொகைக்கே கடைசி மாதம்வரை வட்டி போட்டால், உண்மையான வருட வட்டி 42 வீதத்தை நெருங்குகிறது. ஆவணக் கட்டணம், காப்புறுதி, தாமதத் தண்டம் ஆகியவை தனி. வரம்பிடும் சட்டமூலம் எந்த வட்டியை வட்டி என்று வரையறுக்கிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இத்தகைய கேள்வியின் பயனுக்கு அண்மைய உதாரணம் ஒன்று உண்டு. நுண்நிதி, கடன் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமூலம் 2024 ஜனவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, பெயரைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். படித்த பின்னரே, பெரிய நிதிக் கம்பனிகள் அதன் பிடிக்கு வெளியே நிற்க, ஊருக்குள் பெண்கள் தாமே நடத்தும் சிறு சேமிப்புக் கடன் குழுக்கள் பதிவுச் சுமைக்குள் சிக்கிவிடும் என்ற அச்சம் எழுந்தது. பெண்கள் அமைப்புகளும் கூட்டுறவு இயக்கத்தினரும் அதைக் கேட்டார்கள். அவர்களைக் கந்துவட்டிக்காரரின் ஆட்கள் என்று எவரும் சொல்லத் துணியவில்லை. அதே கேள்வியை ஓர் உறுப்பினர் சபையில் எழுந்து கேட்டால் மாத்திரம் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

கம்பனியிடம் சலுகை பெற்றுக்கொண்டு, சட்டத்தைத் தள்ளிப்போடவே கேள்வி கேட்பவரும் இருக்கலாம். அவரை இனங்காண வழி உண்டு. அவர் திருத்தத்தை எழுத்தில் முன்வைக்க மாட்டார்; சட்டமூலத்தை வாசகம் வாசகமாக ஆராயும் குழுநிலை விவாதத்துக்கு வரமாட்டார்; வாக்கெடுப்பு நாளில் ஆசனத்தில் இருக்கமாட்டார்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்து உறுப்பினர்களிடமும் அம்பாறை மாவட்டத் தமிழ் பேசும் உறுப்பினர்களிடமும் நான் கேட்பது இதுதான். மதுசாரம், கடன் பற்றிய எந்தச் சட்டமூலமும் வர்த்தமானியில் வந்தவுடன் அதன் தமிழ்ப் பிரதியைப் பிரதேச செயலகங்களிலும் பொது நூலகங்களிலும் மாதர் சங்கங்களிலும் கிடைக்கச் செய்யுங்கள். எமது சட்டங்களில், முரண்பாடு ஏற்படுமிடத்து சிங்கள உரையே மேலோங்கும் என்ற வாசகம் வழமையாக இருப்பதால், இரு மொழி உரைகளையும் ஒப்பிட்டுப் படியுங்கள். குழுநிலைக்கு முன்னர், நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளையும் முன்வைக்கப்போகும் திருத்தங்களையும் இந்தப் பத்திரிகையில் வெளியிடுங்கள். எங்கள் சங்கத்துப் பெண்கள் அவற்றைச் சேர்ந்து வாசித்து, விடுபட்டதை எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கடன் உத்தியோகத்தர்,
கொக்கட்டிச்சோலை.