நூலகத்துக்கு முன்பு அங்கே ஒரு மைதானம் இருந்தது

அன்புள்ள கண்ணம்மா,

நீ நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கும் ரீகன்ஸ்டைன் நூலகம் 1970-ல் திறந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானமான ஸ்டாக் ஃபீல்ட் இருந்தது. ஒரு காலத்தில் அமெரிக்காவையே கலக்கிய அணி அங்கேதான் ஆடியது.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். அணிக்கு 11 பேர். 4 முயற்சிக்குள் பந்தை 10 கெஜம் முன்னே கொண்டுபோகவேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி. பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்தக் கோட்டுக்குப் பின்னால் மடக்கிவிட்டால் எதிரணிக்கு 2 புள்ளி. இதற்கு 'சேஃப்டி' என்று பெயர். இதை மட்டும் மறந்துவிடாதே, கீழே தேவைப்படும்.

பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் ஹார்ப்பர், ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்பவரைப் பயிற்சியாளராக மட்டும் கூட்டிவரவில்லை. பேராசிரியருக்குரிய பதவியும் நிரந்தர வேலையும் கொடுத்தார். 1892 முதல் 1932 வரை 41 பருவம் ஸ்டாக்தான் பயிற்சியாளர். அந்தக் காலத்தில் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் பட்டம் 7 முறை வந்தது. அதில் 1905-ஐப் பற்றித்தான் உனக்குச் சொல்லவேண்டும். மிச்சிகன் அணி 56 ஆட்டமாகத் தோற்காமல் வந்திருந்தது. நவம்பர் 30 அன்று, சிகாகோவின் எக்கர்சால் உதைத்தனுப்பிய பந்தை மிச்சிகன் ஆட்டக்காரர் தன் கோட்டுக்குப் பின்னால் பிடித்தார். எதிரணி உதைத்த பந்து என்பதால், அங்கேயே நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வெளியே ஓடப் பார்த்தார், கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்திவிட்டார்கள். சிகாகோ 2, மிச்சிகன் 0. அந்தப் பருவம் முழுவதும் மிச்சிகன் விட்டுக்கொடுத்தது அந்த 2 புள்ளி மட்டுமே.

பிறகு அந்த அணி ஏன் விழுந்தது? ஹட்சின்ஸ் என்ற தலைவருக்குக் கால்பந்து பிடிக்காது, அதனால் நிறுத்திவிட்டார் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். 1931-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் வருகைப்பதிவைவிடப் பெரிய பொதுத்தேர்வுகளே முக்கியம். ஆட்டக்காரர்கள் எளிதாகப் பட்டம் வாங்க உடற்கல்வித் துறையும் இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். ஸ்டாக்கை 70 வயதில் ஓய்வு பெறச் சொன்னார்கள். 1935-ல் சிகாகோவின் ஜே பெர்வாங்கர், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை, பின்னாளில் ஹைஸ்மன் என்று பெயர் பெற்ற விருதை, முதல் ஆளாக வாங்கினார். ஆனால் ஒரே ஒரு ஆட்டக்காரர் ஓர் அணியைத் தாங்க முடியாது.

1939-ல் மிச்சிகனிடம் 85-0, ஒஹையோ ஸ்டேட்டிடம் 61-0, இல்லினாயிடம் 46-0 என்று தோற்றது. குற்றம் ஸ்டாக்குக்குப் பின் வந்த பயிற்சியாளர் ஷாக்னசியுடையது என்று யாராவது சொன்னால் நம்பாதே. அடுத்த ஆண்டே அவர் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய் ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் ரோஸ் பௌல் கோப்பையையும் வென்றார். என் கணிப்பில், கால்பந்தை விட்டது தவறில்லை. வேருக்கு நீர் விடுவதை நிறுத்திவிட்டு, அதே பெரிய அணிகளோடு அந்தப் பையன்களை ஆண்டுக்கணக்கில் மோதவிட்டதுதான் தவறு. சிறிய கல்லூரிகளோடு ஆடும் அட்டவணைக்கு அப்போதே மாறியிருக்கலாம்.

1939 டிசம்பரில் அணியைக் கலைத்தார்கள். மைதானம் காலியாகக் கிடந்தது. அதன் மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில், பந்தாட்டக் கூடம் ஒன்றில், 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு, மனிதர் உருவாக்கிய முதல் அணுத் தொடர்வினையை நிகழ்த்தியது. இன்னொன்றையும் சேர்த்து வைத்துக்கொள்: 1937-ல் நம் வானியற்பியலாளர் சந்திரசேகர் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது தலைவராக இருந்ததும் அதே ஹட்சின்ஸ்தான். படிப்பையே முதலில் வைத்த ஒரே மனிதரின் அளவுகோல் இரண்டு இடத்திலும் தெரிகிறது.

1969-ல் கால்பந்து அணி மறுபடி வந்தது. இப்போது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் ஆடுகிறது; அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. அதனால் களத்தில் நீ பார்ப்பவர்கள் உன்னோடு வகுப்பில் உட்காருபவர்கள்தான். புதிய ஸ்டாக் ஃபீல்ட் 56-வது தெருவும் காட்டேஜ் குரோவும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. பழைய மைதானத்தின் வாயில் ஒன்றையும் அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை போய்ப் பார். பெர்வாங்கரின் விருது ராட்னர் விளையாட்டுக் கூடத்தில் இருக்கிறது, அதையும் பார்த்துவிடு. காற்று கடுமையாக அடிக்கும், காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா