பக்கத்துக் கட்டில் ஐயாவுக்கும் மற்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

அப்பா மருத்துவமனையிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டார். நடந்தவை உங்கள் அனைவருக்கும் தெரியும் என்பதால் அவற்றை இங்கே மீண்டும் எழுதவில்லை. கூப்பிட்டவுடன் வந்து இரத்தம் கொடுத்த தம்பிகள், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்த சக ஆசிரியர்கள், கேட்காமலேயே கஞ்சித் தூக்கோடு வந்து நின்ற எதிர்வீட்டு அக்கா, காசு வாங்க மறுத்த ஆட்டோக்கார அண்ணன் ஆகிய எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆயினும் இம்மடலை எழுத வைத்தவர், பக்கத்துக் கட்டிலில் இருந்த தம் தம்பிக்குத் துணையாக வந்திருந்த ஒரு பெரியவர். அச்சகத்தில் பிழை திருத்துநராக இருந்து ஓய்வு பெற்ற அவர், தம் பெயரை எங்கும் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலையில் தேநீர் வாங்கி வரும்போது, கிழித்த காலண்டர்த் தாளின் பின்புறத்தில் நாலடியாரிலிருந்தோ திரிகடுகத்திலிருந்தோ பழமொழி நானூற்றிலிருந்தோ ஒரு வெண்பாவை எழுதி, தேநீரோடு சேர்த்து என்னிடம் கொடுப்பார். பொருளும் சொல்லமாட்டார், ஆறுதலும் சொல்லமாட்டார். “படிச்சுப் பாருங்க தம்பி” என்பதோடு சரி. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே களைத்திருந்த எனக்கு, எந்தப் பதிலும் எதிர்பாராத அந்த நான்கு அடிகள் பெரிய இளைப்பாறுதலாக இருந்தன.

யார் யார் வரவில்லை என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு நாளில், நன்கு பழகிய பாகனையே யானை கொல்லும், எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் நாய் வாலைக் குழைக்கும் என்னும் நாலடியார்ப் பாடல் வந்தது. இன்னொரு நாள் வந்த பாடல், மடியில் கிடக்கும் மகனைக் கண்டதும் தாய் பெற்ற நோவை மறப்பதைச் சொல்லி, நலம் விசாரிக்கும் சுற்றத்தாரைக் கண்டால் நம் தளர்ச்சியும் அப்படியே நீங்கும் என்றது. முதல் பாடலால் வந்த கசப்பை இது தணித்தது.

வீடு திரும்பிய பிறகுதான் நாலடியாரை முதலிலிருந்து படித்தேன். சமண முனிவர்கள் பலர் பாடியதாகச் சொல்லப்படும் அந்த 400 வெண்பாக்கள், செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்ற மூன்று அதிகாரங்களோடுதான் தொடங்குகின்றன. நூல் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருக்கும் அவர், அப்பா கண் திறவாமல் கிடந்த நாட்களில் அந்த மூன்று அதிகாரங்களிலிருந்து ஒரு பாடலைக்கூட எழுதித் தரவில்லை. நட்பு, சுற்றம், கல்வி என்றே தேர்ந்திருக்கிறார். நாலடியாரும் இடம்பெறும் பதினெண்கீழ்க்கணக்கு என்னும் 18 நூல்களின் தொகுப்பில் 11 நூல்கள் அறம் சொல்பவை. அவற்றுள் சிலவற்றைப் பள்ளியில் நானே பாடமாக நடத்துகிறேன். கேட்பவரின் நிலையறிந்து ஓர் உண்மையைச் சொல்லாமல் தள்ளி வைக்கும் பக்குவத்தை இந்தப் பெரியவரிடம்தான் கண்டேன். அந்தத் தாள்களை இப்போது பார்க்கும்போது, எழுதியவற்றைவிட விட்டவற்றுக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாகத் தோன்றுகிறது.

அவருடைய தம்பிக்கு இன்னும் சிகிச்சை முடியவில்லை. சனிக்கிழமை இரவுகளில் நான் உடனிருக்கிறேன், நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்று சொன்னபோது முதலில் மறுத்தவர், பிறகு ஒப்புக்கொண்டார். அதே வார்டில் துணைக்கு ஆளில்லாதவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மற்ற இரவுகளில் வர முடிந்தவர்கள் என்னிடம் சொல்லுங்கள், முறை வைத்துக்கொள்வோம்.