இத்தாலியின் பொலோன்யாவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

தம்பி இங்கே படிக்க வந்தால் மதியம் என்ன சாப்பிடுவான் என்று கேட்டிருந்தாய். கவலைப்படாதே. மஜ்ஜோரே சதுக்கத்தைச் சுற்றியுள்ள சந்துகளில், அன்றன்று தேய்த்த பாஸ்தாவைச் சுமார் 10 முதல் 13 யூரோவுக்குப் போடும் சின்னக் கடைகள் உண்டு. தினமும் கட்டாது, வாரம் ஒருநாள் தாராளமாகப் போகலாம். உட்கார்ந்தாலே ஆளுக்கு 2, 3 யூரோ ‘கோப்பெர்த்தோ’ என்று பில்லில் ஏறும். ஏமாற்று அல்ல, ரொட்டிக்கும் மேசைக்குமான வழக்கமான கட்டணம். டிப்ஸ் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை.

பாஸ்தாவுக்கு வேண்டிய சரக்கு எளியது: 100 கிராம் மென்கோதுமை மாவுக்கு ஒரு முட்டை. தண்ணீர் சேர்ப்பதில்லை. கைவேலைதான் பெரிது. கால்மணி நேரம் பிசைந்து, மூடி அரைமணி ஊறவிட்டு, நீளமான கட்டையால் மரப்பலகையில் மெல்லிசாகத் தேய்க்கிறார்கள். சரியாக ஊறாத மாவு, நம் சப்பாத்தி மாவு மாதிரியே, தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். பலகையின் சொரசொரப்பு மாவில் பதிவதால்தான் மேலே ஊற்றும் குழம்பு வழுக்காமல் பிடிக்கிறது. தேய்த்ததைச் சற்று உலரவிட்டு, சுருட்டி, கத்தியால் நறுக்குவார்கள். ஈரத்தோடு நறுக்கினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், அதிகம் காய்ந்தால் சுருட்டும்போதே விரிசல் விடும். இப்படி நறுக்கும் ‘தாலியாத்தெல்லே’ என்ற நாடாப் பாஸ்தா, வெந்தபின் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்று 1972இல் இவ்வூர் வர்த்தக சபையில் பதிவே செய்திருக்கிறார்கள்!

லிட்டருக்கு 10 கிராம் உப்புப் போட்ட கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போதும். காய்ந்த பாஸ்தாவுக்குச் சுமார் பத்து நிமிடம் ஆகும். அதனால்தான் சொன்னவுடன் தட்டு வருகிறது. வந்ததும் சாப்பிடவேண்டும், ஆறினால் கட்டியாகிவிடும்.

இவ்வூரின் பெயர்பெற்ற ‘ராகு’ என்ற இறைச்சிக் குழம்பு, கொத்திய மாட்டிறைச்சியையும் பன்றிக் கொழுப்பிறைச்சியையும் வெங்காயம், கேரட், செலரியோடு இரண்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் வேகவைப்பது. தக்காளி கொஞ்சம்தான். அதை ஸ்பாகெட்டியில் ஊற்றித் தரும் கடை சுற்றுலாக்காரர்களுக்கானது, நான் உள்ளேயே போகமாட்டேன்.

தம்பி முட்டை சாப்பிடுவான், கறி தொடமாட்டான் அல்லவா? அவன் கவனிக்கவேண்டியது ஒன்று. ‘தொர்தெல்லீனி’ குட்டி வடிவம், உள்ளே பன்றி இறைச்சி, சுற்றிலும் இறைச்சிச் சாறு. ‘தொர்தெல்லோனி’ பெரியது, உள்ளே பெரும்பாலும் ரிக்கோத்தா சீஸும் பார்ஸ்லி இலையும். இதை வெண்ணெயும் சால்வியா இலையும் போட்டுத் தரச் சொல்லலாம், அருமையாக இருக்கும். ஆனால் பார்மிஜானோ சீஸ் கன்றின் வயிற்று நொதியால் உறையவைப்பது. அதுவும் வேண்டாமென்றால் தொர்தெல்லோனியும் ஆகாது, பூரணத்திலேயே கலந்திருக்கும். அப்போது தக்காளிச் சாறு போட்ட தாலியாத்தெல்லேயை, மேலே சீஸ் தூவாமல் கேட்கவேண்டும்.

மதியம் இரண்டரைக்குப் பல கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஒருமணிக்கு மேல் வரிசை நீளும். பன்னிரண்டரைக்கே போய்விடச் சொல்.

அன்புடன்,
உன் மகள்